வளர்த்த நாய் நம்மையே கடிக்க வந்தால்: எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

"திடீர்னு கடிச்சிடுச்சுங்க, பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த நிமிஷம் உங்கள் கை எங்கே இருந்தது? காதிலா, தட்டிலா, கழுத்துப் பட்டையிலா, கட்டிலுக்கு அடியிலா? பாதிப் பேருக்கு இந்தப் பதிலிலேயே காரணம் கிடைத்துவிடும். மீதிப் பேர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இது எப்போதுமே இப்படித்தானா, இல்லை ஒரு மாதமாகத்தான் இப்படியா?

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நாய் செய்வதற்கு எது பக்கமாக வருகிறதோ அங்கே போங்கள். ஆனால் கையில் காயம் இருந்தால் முதல் பகுதியை முடித்துவிட்டு வாங்க.

பல் பட்டுத் தோல் கிழிந்திருக்கிறது

குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். இறுகக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கே" என்பதை வைத்து ஊசி வேண்டுமா வேண்டாமா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வார்கள். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போட வேண்டியிருக்கும்.

நாயை 10 நாள் வீட்டிலேயே கட்டி வைத்துக் கவனியுங்கள். விரட்டிவிடவோ எங்காவது கொண்டுபோய் விடவோ கூடாது. 10 நாள் கழித்தும் அது நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்த 10 நாளும் முடியட்டும் என்று நம் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை.

நாயின் குரைப்பு கரகரத்து மாறிவிட்டது, எச்சில் ஒழுகுகிறது, கல்லையும் கட்டையையும் கடிக்கிறது, தாடை தொங்குகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது என்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம். கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். தாடை தொங்குவதைப் பார்த்து "எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று வாய்க்குள் கையை விடுவதுதான் இதில் ரொம்பவும் ஆபத்தான காரியம்.

"இத்தனை வருஷம் சாது, இப்போ தொட்டாலே சீறுது"

இதை வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு காரணம் நிரூபணமாகும் வரை. நாலைந்து வயதுக்கு மேல் ஒரு நாயின் குணம் காரணம் இல்லாமல் மாறுவது அபூர்வம். வலியை மறைப்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள். சாப்பிடும், வாலாட்டும், கேட் வரைக்கும் ஓடும், ஆனால் குறிப்பிட்ட ஒரு இடத்தில் கை பட்டால் மட்டும் பல் வரும். நமக்கு அது திமிராகத் தெரியும்.

லேப்ரடார், காக்கர் ஸ்பானியல் மாதிரி காது தொங்கும் நாய்களுக்கு முதலில் காதைப் பாருங்கள். தலையை அடிக்கடி உதறுகிறதா, காதுக்குள் பழுப்பாக அழுக்கு சேர்ந்து புளித்த வாடை வருகிறதா? நாம் ஆசையாகத் தலையைத் தடவும்போது காதின் அடிப்பகுதி அழுந்தும், அந்த நேரத்தில்தான் கடி விழும். லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுப் பிரச்சினை சகஜம். வழுக்கும் டைல்ஸ் தரையில் வளரும் நாய் என்றால் எழுந்து நிற்பதே அதற்குப் பாடு. மாடிப்படியில் தயங்குவது, எழுந்ததும் முதல் சில அடி விறைப்பாக நடப்பது, குழந்தை முதுகில் சாய்ந்ததும் திரும்புவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பல் ஈறு சீழ் பிடித்திருக்கலாம். அடர்ந்த முடிக்குள் புண்ணில் புழு வைத்திருக்கலாம். இரண்டுமே வெளியே தெரியாது.

நம் ஊரில் உண்ணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். விரலிடுக்கு, காதுமடல், கழுத்துப் பட்டைக்கு அடியில் பிரித்துப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து ஒரு மூலையில் கிடக்கும். அதைத் தூக்கி உட்கார வைக்கப் போனவரைக் கடித்துவிட்டு, "நோய் வந்தும் கொழுப்பு குறையலை" என்று திட்டு வாங்கும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நாய் நின்றுகொண்டு வாய் திறந்து லேசாக மூச்சிரைக்கும் நேரமாகப் பார்த்து, புறங்கையால் கழுத்திலிருந்து வால் வரை மெதுவாக, அழுத்தாமல் தடவுங்கள். ஏதோ ஒரு இடத்தில் சட்டென்று வாய் மூடும், மூச்சிரைப்பு நிற்கும், அல்லது தோல் துடிக்கும், தலை உங்கள் கையை நோக்கித் திரும்பும். அதோடு நிறுத்திவிடுங்கள், அமுக்கிப் பார்த்து உறுதி செய்வது மருத்துவர் வேலை. ஏற்கெனவே கடித்த நாய் என்றால் இந்தச் சோதனையையும் அவரிடமே விட்டுவிடுங்கள். நடக்கும்போது, படி ஏறும்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் பயத்தில் நொண்டுவதைக்கூட மறைத்துவிடும்.

நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எல்லாம் நாய்க்கு விஷமாகலாம். அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை போய்க்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில நாய்களுக்கு அதில் பசியும் எரிச்சலும் சேர்ந்தே ஏறும்.

"சாப்பிடும்போது கிட்டப் போனா உறுமுது"

கை தட்டில் இருந்தது, அவ்வளவுதான். குட்டியாக இருக்கும்போதே தட்டை அடிக்கடி பிடுங்கிப் பழக்கினால் பிற்பாடு கடிக்காது என்று ஒரு பழைய யோசனை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. இதனால் நாய் கற்றுக்கொள்வது ஒரே பாடம்: இந்த ஆள் வந்தால் சோறு போகும். முதலில் வேகமாக விழுங்கும், அப்புறம் உடம்பு விறைக்கும், அப்புறம் உறுமும், அப்புறம் கடிக்கும்.

கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். நாய் சாப்பிடும்போது அது நிமிர்ந்துகூடப் பார்க்காத தூரத்தில், ஐந்தாறு அடி தள்ளி, நடந்து போங்கள். போகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட நல்லதாக ஒன்றை, வேகவைத்த கோழித் துண்டு மாதிரி, தட்டின் பக்கம் வீசிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். சில நாளில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் தட்டிலிருந்து முகத்தை எடுத்து உங்களை ஆசையாகப் பார்க்கும். அதற்கு அப்புறம்தான் ஒரு அடி நெருங்குவது. உடம்பு விறைத்தால் அன்றைக்குத் தூரம் அதிகமாக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பு, திருடிய சாக்ஸ், குப்பையிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் கவர் எல்லாமே இதே கதைதான். துரத்தாதீர்கள், வாயைப் பிளக்காதீர்கள். வேறு நல்ல பொருளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அது அங்கே போனதும் இதை எடுங்கள். குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பயிற்சியெல்லாம் பெரியவர்களோடு நிற்கட்டும். நாய் சாப்பிடும் நேரம் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

"அடிச்சா அடங்கணும்ல, திருப்பிக் கடிக்குது"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வலிக்கு அடுத்தபடியாக வீடுகளில் நான் பார்க்கும் பெரிய காரணம் இதுதான்.

"நாய் உன்னை மிஞ்சப் பார்க்குது, மல்லாக்கப் போட்டு அமுக்கு, யார் தலைவன்னு காட்டு" என்று சொல்லித்தரும் ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இந்த யோசனை ஓநாயிலிருந்து வந்தது. ருடால்ஃப் ஷென்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து 1947ல் எழுதியதுதான் இதன் வேர். வெவ்வேறு இடத்து ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? 'ஆல்ஃபா ஓநாய்', அதாவது கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன் என்ற பேச்சைப் பிரபலப்படுத்திய டேவிட் மெக் (David Mech) என்ற ஓநாய் ஆய்வாளரே பிறகு, காட்டில் இருக்கும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று 1999ல் எழுதினார். நாயோ ஓநாயுமில்லை. ஆனாலும் அந்தத் தத்துவம் நம் தெருவை விட்டுப் போகவில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2009ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர் அதற்குப் பதிலாக நாய் சீறியது அல்லது கடிக்க வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதம். வாயிலிருந்து பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களில் 39. அடித்து அடக்கப் பார்த்துக் கடி வாங்குவது நம் வீட்டு விசேஷம் மட்டும் இல்லை.

இன்னொரு சேதாரமும் உண்டு. நாய் கடிப்பதற்கு முன் பல படிகள் வைத்திருக்கிறது. தூக்கம் வராமலே கொட்டாவி விடும், மூக்கை நக்கும், முகத்தைத் திருப்பும், எழுந்து போகும், காதைப் பின்னுக்கு இழுத்து வாலை ஒடுக்கும், அசையாமல் விறைத்துப் பார்க்கும், உறுமும், காற்றில் கடிக்கும். இத்தனைக்கும் பிறகுதான் பல் படும். உறுமும்போதெல்லாம் அடித்தால் நாய் உறுமலை மட்டும் விட்டுவிடும். அதன் பயமும் வலியும் அப்படியேதான் இருக்கும். "எங்க நாய் உறுமவே உறுமாது, நேரா கடிக்கும்" என்று சிலர் சொல்வார்கள், கேட்டுப் பார்த்தால் பழைய கதை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

ஆகவே உறுமினால் கையை எடுங்கள், பின்னால் போங்கள், எதற்காக உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாய் ஜெயித்துவிட்டதே என்ற கவலையே வேண்டாம்.

"கேட்ல வேற நாயைப் பார்த்துக் குரைச்சது, பிடிச்சு இழுத்தேன், என் கையையே கடிச்சிடுச்சு"

கை பட்டையில் இருந்தது. கேட்டுக்கு வெளியே இருப்பதைக் கடிக்க முடியாத ஆத்திரத்தில் இருந்த வாய், பக்கத்தில் வந்ததைப் பிடித்தது. அது நீங்கள் என்று தெரிந்து கடித்ததில்லை. அடுத்த நொடி சில நாய்கள் விழித்து, வாலைக் குழைத்து நிற்பதைப் பார்த்தால் புரியும். ராஜபாளையம், கோம்பை மாதிரி காவல் உணர்வு கூடின நாய்களை நாள் முழுக்கக் கேட் ஓரமாகவே விட்டு வைத்தால் இது அடிக்கடி நடக்கும்.

பட்டையைப் பிடிக்கும் பழக்கத்தை விடுங்கள். ஆள் வீட்டில் இருக்கும்போது லேசான நாலடிக் கயிறு ஒன்றைப் பட்டையிலிருந்து தரையில் இழுபடும்படி விட்டு வைத்தால், தள்ளி நின்றே கயிற்றை எடுத்து உள்ளே கூட்டிப் போகலாம். கேட்டின் கீழ்ப்பாதிக்குத் தகரமோ தட்டியோ அடித்து வெளியே தெரியாமல் செய்தாலே பாதிக் குரைப்பு குறையும்.

வீட்டில் இரண்டு நாய்கள் சண்டை போட்டால் நடுவில் கையை விடவே விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், கனமான போர்வை, நடுவே சொருக ஒரு பலகை, இவைதான் உதவும்.

"தூங்கிட்டிருந்ததை எழுப்பினேன், பாய்ஞ்சிடுச்சு"

தொடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதான நாய்க்குக் காது கேட்காமலும் கண்ணில் புரை விழுந்தும் இருக்கலாம். காலால் தரையை லேசாகத் தட்டினால் அதிர்வு தெரிந்து விழிக்கும். ராத்திரியில் காரணமில்லாமல் சுற்றி வருவது, மூலையைப் பார்த்து நிற்பது, வீட்டு ஆளையே புதிதாகப் பார்ப்பது என்றிருந்தால் அது மூளை முதுமையாக இருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

"பெண் நாய், ஒரு பொம்மையை வச்சுக்கிட்டு யாரையும் அண்ட விடலை"

குட்டி போட்டிருந்தால் காரணம் சொல்லவே வேண்டாம். குட்டி இல்லாமலும் இது வரும். ஹீட் (இணைசேரும் பருவம்) வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தால், சினைப்படாமலே சினை மாதிரி உடம்பு நடந்துகொள்ளும் பொய்ச்சினையாக இருக்கலாம். மடியில் பால்கூடச் சுரக்கும், செருப்பையும் பொம்மையையும் குட்டியாக நினைத்துக் காக்கும். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே அடங்கும். மடியைப் பிதுக்காதீர்கள், பிதுக்கினால் பால் இன்னும் சுரக்கும்.

"குழந்தையைத்தான் கடிக்குது, குழந்தை ஒண்ணுமே பண்ணலை"

குழந்தை செய்தது என்னவென்று போனிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள். குழந்தை நாயைக் கழுத்தோடு கட்டிப்பிடித்திருக்கும் அந்த 'க்யூட்' போட்டோவில் குழந்தையை விட்டுவிட்டு நாயின் முகத்தை மட்டும் பெரிதாக்குங்கள். முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறதா? கண்ணின் ஓரம் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறதா? காது பின்னால் ஒட்டியிருக்கிறதா? நாக்கு நுனி மூக்கில் இருக்கிறதா? அது பொறுத்துக்கொண்டிருக்கிறது. கட்டிப்பிடிப்பது நமக்குப் பாசம், நாய்க்கு அசைய முடியாமல் மாட்டிக்கொண்ட நிலை. குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால் சின்னக் கடியும் கன்னத்திலோ உதட்டிலோதான் விழுகிறது.

எத்தனை நல்ல நாயாக இருந்தாலும் சின்னக் குழந்தையோடு தனியாக விடக்கூடாது, பெரியவர் ஒருவர் அதே அறையில், போனைப் பார்க்காமல் இருக்க வேண்டும். நாய்க்குக் குழந்தை வர முடியாத ஒரு இடம் இருக்கட்டும், கட்டிலுக்கடியோ பால்கனி மூலையோ. அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்பது குழந்தைக்கும் தாத்தாவுக்கும் சேர்த்துச் சட்டம்.

"தீபாவளிக்கு மறுநாள் என்னையே கடிச்சது"

நம்மைவிட எவ்வளவோ கூடுதலாகக் கேட்கும் காது அது. ஒரு நாள் முழுக்க வெடிச்சத்தம், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீடு நிறைய விருந்தாளிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொறுத்துக்கொள்ளும் நாய், எல்லாம் சேர்ந்து வந்தால் தாங்காது, மறுநாளும் அந்தப் படபடப்பு உடம்பில் இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பதை வெளியே இழுக்கக் கையை நீட்டுவதுதான் அன்றைக்குக் கடி விழும் வழக்கமான இடம். தண்ணீரை அங்கேயே நகர்த்தி வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வருஷமும் இதே பாடு என்றால் ஐப்பசிக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், பயத்தைக் குறைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன.

"குட்டி, எப்பப் பார்த்தாலும் கையைக் கடிக்குது"

பல் முளைக்கும் குட்டி கடிப்பது ஆக்ரோஷம் கிடையாது. ஆனால் இங்கே 30, 40 நாளிலேயே தாயிடமிருந்து பிரித்து விற்றுவிடுகிறார்கள், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு கற்கும் வயது அது. அழுத்திக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள், கையை வைத்து விளையாட்டுக் காட்டாதீர்கள்.

"இந்த ஜாதியே இப்படித்தானா?"

2022ல் லக்னோவில் ஒரு மூதாட்டியை அவர்கள் வீட்டுப் பிட்புல்லே கடித்துக் கொன்ற செய்தி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நிற்கவில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 ஜாதி நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. என் கருத்து இது: கடிக்கும் காரணங்கள் பொமரேனியனுக்கும் ராட்வைலருக்கும் ஒன்றுதான், விளைவு ஒன்று இல்லை. பொமரேனியனின் உறுமலை நீங்கள் கவனிக்காமல் விட்டால் கையில் இரண்டு புள்ளி, ராட்வைலரின் உறுமலை விட்டால் ஆபரேஷன் தியேட்டர். 600 சதுர அடி பிளாட்டில், பகல் முழுக்கச் சங்கிலியில், வாரம் ஒரு முறை நடை என்று காவல் நாயை வளர்ப்பவர்கள் ஜாதியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கருத்தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. ஆண் நாய் ஊர் சுற்றுவதும் மற்ற ஆண் நாய்களோடு மல்லுக்கட்டுவதும் குறையலாம். பயத்தால் கடிக்கும் நாயின் பயம் அதில் போகாது.

எதிலும் சேரவில்லை என்றால்

கை எங்குமே இல்லை, வலியும் இல்லை, படுத்திருந்த நாய் வெறித்த பார்வையோடு எழுந்து பாய்கிறது, கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது. இது அபூர்வம். ஸ்பிரிங்கர், காக்கர் ஸ்பானியல்களில் இப்படிச் சில பதிவாகியுள்ளன, சிலவற்றில் வலிப்பு நோயின் சம்பந்தமும் இருக்கலாம். பக்கத்து கிளினிக்கோடு நிறுத்தாமல் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது பக்கமோ அங்கே காட்டுங்கள். போகும்போது ஒரு தாளில் தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், அதற்கு ஐந்து நிமிடம் முன் என்ன நடந்தது, எத்தனை பல் எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொரு கடிக்கும் எழுதிக்கொண்டு போங்கள். காற்றில் கடித்ததா, ஒரு முறை கடித்து விட்டதா, பிடித்து உதறியதா என்பது மருத்துவருக்கு ரொம்ப முக்கியம்.

அதுவரைக்கும் கூண்டு மாதிரி இருக்கும் வாய்ப்பூட்டுக்குப் பழக்குங்கள், அதைப் போட்டபடியே மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். உள்ளே கொஞ்சம் தயிரைத் தடவி நாயாகவே மூக்கை நுழைக்க விடுங்கள், வார் மாட்டுவது சில நாள் கழித்துப் போதும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப் பூட்டை நம் வெயிலில் நேரம் கணக்கில்லாமல் போட்டு வைத்தால் நாய் மூச்சிரைக்க முடியாமல் செத்தே போகும்.

எச்சரிக்கையே இல்லாமல் ஆழமாகக் கடிக்கிறது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றால், வைத்துக்கொள்ளலாமா, வேறு வீடா, மருந்து கொடுத்து உயிரை முடிப்பதா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். வேறு வீடு என்று முடிவானால் கடித்த கதை முழுவதையும், அந்தத் தாளோடு சேர்த்து, வாங்கிக்கொள்பவரிடம் கொடுத்துவிடுங்கள். "தோட்டத்துக்கு நல்ல காவல் நாய்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அங்கே அதற்குச் சோறு வைக்கப்போகும் ஆளுக்குத்தான் ஆபத்து.